சம்பந்தி வீட்டு சர்வர்

"நம்ம கணக்கு நம்ம கண்ணு முன்னால இருக்கோணும்னுதான் நான் சொல்ல வாரது. அது ஏன்னா..."

"எங்க இருக்குது கண்ணு முன்னால? வாழப்பாடியில இருக்குது!"

"பேசி முடிக்க உடுங்க. அது ஏன்னா, கண்டவனுக கையில..."

"வாழப்பாடியில, சம்பந்தியம்மா ஊட்டு முன்னறையில, மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்துல இருக்குது. உன்ற கண்ணு என்ன அத்தனை நீளமா?"

"...கண்டவனுக கையில நம்ம டேட்டா போயிரக் கூடாது பாருங்க."

சின்னுசாமி காரை ஓரங்கட்டி நிறுத்தினார். மல்லூர் தாண்டியிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். சின்னுசாமிக்கு அது காதில் விழவில்லை. பெண்டாட்டியின் முகத்தையே பார்த்தார்.

"என்ன சொன்னே? டேட்டாவா? போன மாசம் வரைக்கும் போனுக்கு ரீசார்ஜ் பண்ண என்னைத்தானே கூப்பிட்டே?"

"இப்பக் கத்துக்கிட்டேன். வீடியோவுல எல்லாம் சொல்றாங்க. யாரோ ஒருத்தர் கம்பெனிக் கணக்கைக் கிளவுடுல போட்டு வெச்சாராமா. ஒருத்தன் உள்ள பூந்து பூட்டிப்போட்டு, பணம் குடுத்தாத்தான் தொறப்பேன்னு உக்காந்துக்கிட்டானாமா."

"நம்ம கணக்கைப் பூட்டி அவன் என்ன பண்ணுவான்? எந்தக் கோழி செட்டுல எத்தனை கோழி செத்துச்சுன்னு தெரிஞ்சுக்குவானா?"

"வண்டியை எடுங்க. பழம் வேற வாங்கோணும்."

"பழம் எதுக்கு? கம்ப்யூட்டர்க் கம்பெனிப் புள்ளை பேசறதைக் கேக்கத்தானே போறோம்?"

"சம்பந்தி ஊட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா?"

இதற்கு மேல் பேச எந்த ஆம்பளைக்கு வாய் இருக்கிறது? சின்னுசாமி வண்டியை எடுத்தார்.

விசயம் இதுதான். சின்னுசாமிக்கும் அமுதவல்லிக்கும் புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. சம்பந்தி அங்கம்மாளுக்கு வாழப்பாடியில் கோழித் தீவன மில். வீட்டுக்காரர் காலமானதிலிருந்து மகன் சிவபிரகாஷை வைத்துக்கொண்டு அங்கம்மாள்தான் மில்லை நடத்துகிறாள். அந்த சிவபிரகாஷுக்குத்தான் ரஞ்சிதாவைக் கட்டிக் கொடுத்தது. அமுதவல்லிக்கு ஒரே பெண். கல்யாணச் சூடு ஆறுவதற்குள் இரண்டு குடும்பமும் சேர்ந்து கேரளாவுக்கு முட்டை அனுப்பும் வியாபாரம் ஒன்றைக் கூட்டாகத் தொடங்கின. கணக்குப் பார்க்க ஒரு சாப்ட்வேர் வேண்டும் என்றார்கள். அதைப் போட்டு வைக்கிற கம்ப்யூட்டரை சின்னுசாமி வாங்கிக் கொடுத்தார். அதை வைக்க வீட்டு முன்னறையில் அங்கம்மாள் இடம் கொடுத்தாள். மில்லை ஒட்டின வீடு, மில்லுக்கு வருகிற கரண்ட் லைன் நல்ல லைன், அதனால் அங்கே. அந்தப் பெட்டிக்குத்தான் சர்வர் என்று பேர்.

அந்தப் பெட்டியில் ஒரு குறை உண்டு. கணக்கை ஏற்ற வேண்டுமென்றால் அதன் முன்னால் போய் உட்கார்ந்தால்தான் ஆகும். வேறு எங்கிருந்தும் முடியாது. எல்லோருக்கும் குறையாகத் தெரிந்த அது, அமுதவல்லிக்கு மட்டும் கும்பிட்ட சாமி கொடுத்த வரமாகத் தெரிந்தது.

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு நினைத்த நேரமெல்லாம் போக முடியுமா? ஆடிக்கு அழைக்கப் போகலாம். தீபாவளிக்குச் சீரோடு போகலாம். வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்தால் விசாரிக்கப் போகலாம். முதல் சில மாசம் அமுதவல்லி அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வராதா என்று காத்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும். கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள் பாவிகள், ஒருத்தருக்கும் தும்மல்கூட வரவில்லை. சர்வர் வந்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. புதன்கிழமை தோறும் பண்ணையில் தீவனம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் பழப்பையோடு அமுதவல்லி ஏறிக்கொள்வாள். மகளைப் பார்க்கப் போகிறாள் என்று எவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. கணக்கு எழுதப் போகிறாள்.

கணக்கு ஏற்றுகிற வேலை கால் மணி நேரம். அமுதவல்லி சொல்லச் சொல்ல ரஞ்சிதா தட்டுவாள். அது சாயங்காலம் வரைக்கும் நடக்கும்.

"மூணாம் செட்டுக்குத் தீவனம் எத்தனை மூட்டைம்மா?"

"பதினெட்டு. ஏஞ் சாமி, கழுத்துல கிடந்த மெல்லிசுச் செயின் எங்க?"

"கொக்கி போயிருச்சு, ஆசாரிகிட்டப் பத்த வெக்கக் குடுத்திருக்கேன். உடைஞ்ச முட்டை?"

"நாலு அட்டை. பத்த வெக்கவா, இல்லே யாராச்சும் கழட்டிக் குடுன்னாங்களா?"

"அம்மா! பேச்சுக் குடுத்து சைபர் சேத்தி அடிச்சுட்டேன் பாரு. நாலு அட்டை நாப்பது அட்டை ஆயிருச்சு."

"ஆனா ஆகட்டும். அழிச்சுட்டு மெதுவா அடி. இப்ப என்ன அவசரம், லாரி பொழுதோடதான் கெளம்பும்."

நடுவில் ஒரு தடவை சின்னுசாமி, "போன்ல சொன்னா அவளே போட்டுக்குவா. எதுக்கு நீ இத்தனை தூரம் இடுப்பொடிய லாரியில போறே?" என்று கேட்டு வைத்தார். சரியென்று அந்த வாரம் போனிலேயே சொன்னாள் அமுதவல்லி. உடைந்த முட்டைக் கணக்கு நல்ல முட்டைக்கும், நல்ல முட்டைக் கணக்கு உடைந்த முட்டைக்கும் மாறி ஏறிவிட்டது. மூன்று நாள் இரண்டு வீட்டிலும் ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை. "போன்ல காது சரியாக் கேக்கறதில்லீங்க," என்றாள் அமுதவல்லி. அதற்குப் பிறகு யாரும் போன் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரு எலி வந்து கெடுத்தது. சோள மூட்டைக்குள் இருந்த எலி, சூடாக இருக்கிறதென்று சர்வர் பெட்டிக்குள் போய்க் குட்டி போட்டுவிட்டது. பெட்டி நின்று போனது. சிவபிரகாஷ் மூடியைக் கழற்றினால் உள்ளே செவசெவவென்று ஐந்தாறு கிடக்கின்றன. எடுத்து வெளியே போடப் போனவனை அங்கம்மாள் விடவில்லை. "கண்ணு தொறக்காததைத் தூக்கி வீசறதாடா? அது பாட்டுக்கு இருக்கட்டும், வளந்துட்டுப் போவட்டும்," என்றுவிட்டாள். எலிக்குட்டிகள் வளர்ந்து போகும்வரை முட்டை வியாபாரத்துக்குக் கணக்கு இல்லை. அந்தப் புதன்கிழமையும் அமுதவல்லி போனாள். "ஓடாத பெட்டிக்கு முன்னால உக்காந்து என்னம்மா பண்ணப் போறே?" என்று ரஞ்சிதா கேட்டதற்கு, "ஓடுதான்னு பாக்க வந்தேன்," என்றாள்.

அப்புறம்தான் சிவபிரகாஷ் கிளவுடு என்று ஆரம்பித்தான். பெட்டியே வேண்டாமாம். கணக்கெல்லாம் எங்கேயோ ஒரு கம்பெனியில் பத்திரமாக இருக்குமாம். புதுச்சத்திரத்தில் உட்கார்ந்தபடி அத்தையே போனில் ஏற்றிவிடலாமாம். வாழப்பாடிக்கு வர வேண்டிய தேவையே இல்லையாம்.

இது ஒன்றைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அமுதவல்லி மாப்பிள்ளை பேச்சைத் தட்டியிருக்க மாட்டாள். ராப்பகலாக வீடியோ பார்த்தாள். சர்வர், பேக்கப், பாஸ்வேர்டு என்று கோழிக்குத் தடுப்பூசிப் பேர் பழகின மாதிரி ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டாள். புதன்கிழமையைக் காப்பாற்ற வேண்டும். அதற்குச் சண்டை போட ஆயுதம் வேண்டுமே.

வாழப்பாடி வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கம்மாள் ஓடி வந்தாள். "வாங்க சம்பந்தி, வாங்கண்ணா. எதுக்குப் பழமெல்லாம்?"

"இருக்கட்டுமுங்க சம்பந்தி. கொளந்தைக சாப்பிடட்டும்."

அந்த வீட்டில் குழந்தை கிடையாது. ஆனாலும் வாரா வாரம் இந்தப் பேச்சு இப்படித்தான் நடக்கும். ரஞ்சிதா பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அமுதவல்லியும் பின்னாலேயே போனாள்.

"எதுக்கும்மா மறுபடியும் ஆப்பிள்? போன வாரத்தது அப்படியே பிரிட்ஜுல இருக்கு. அதுக்கு முந்தின வாரத்துக் கொய்யாவை அத்தை மாட்டுக்குப் போட்டுட்டாங்க."

"மாடாவது தின்னுச்சே. அடுப்புல என்ன, கறி வாசமா வருது?"

"நீ வாரதுன்னா அத்தை விடிய முன்னாடியே எந்திரிச்சுக்கறாங்க. பண்ணைக்காரங்களுக்கு முட்டை வெச்சா மரியாதையா இருக்குமா, கோழி வெச்சா மரியாதையா இருக்குமான்னு தனியாப் பேசிக்கறாங்க. இன்னைக்கு ஆட்டுக்கறி, குடல் வறுவல், பணியாரம். நேத்தெல்லாம் முட்டி வலின்னு தைலம் தேச்சுட்டு உக்காந்திருந்தாங்க."

"ரசம் சோறு போட்டாப் போதும்னு சொல்லறதுதானே?"

"சம்பந்திக்கு ரசஞ்சோறு போட்டேன்னு ஊர்ல சொல்லச் சொல்றியான்னு என்னையக் கேக்கறாங்க. நீ வெறுங்கையோட வா பாக்கலாம், அப்புறம் அவங்க ரசம் வெப்பாங்க."

"அதெப்படி வெறுங்கையோட வாரது?"

"அப்பச் சாப்பிடு," என்றாள் ரஞ்சிதா.

முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். சேலத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஆபீஸ் வைத்திருக்கும் சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து மோனிஷா என்ற பெண் வந்திருந்தாள். சுறுசுறுப்பான பெண். சோள மூட்டைக்கு மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரி பேசினாள். பெட்டி உங்கள் இடத்திலேயே இருந்தால் செலவு ஒரு தடவைதான், ஆனால் ரிப்பேர், எலி, கரண்ட் எல்லாம் உங்கள் பொறுப்பு. கிளவுடு என்றால் மாசா மாசம் வாடகை, ஆனால் மற்ற தலைவலி எல்லாம் கம்பெனிக்கு. எங்கிருந்தும் பார்க்கலாம். இரண்டையும் சொல்லிவிட்டு, "இப்ப டவுட் இருந்தா கேளுங்க," என்றாள்.

அமுதவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மழை பேஞ்சா எங்க பக்கம் நெட்டு போயிரும் கண்ணு. அப்ப என்ன பண்றது?"

"போன்லயே எழுதி வெச்சுக்கும்மா. நெட் வந்ததும் அதுவே ஏத்திக்கும்."

"உங்க கம்பெனியை நாளைக்கு மூடிட்டா?"

"உங்க கணக்கு மொத்தத்தையும் எப்ப வேணும்னாலும் இறக்கிக்கலாம்மா. அக்ரிமென்ட்லயே போட்டுத் தரோம்."

"வாடகை வருசா வருசம் ஏறுமா, ஏறாதா?"

"ஏறும்தாம்மா," என்று மோனிஷா ஒத்துக்கொண்டாள்.

சின்னுசாமி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சிவபிரகாஷ் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு மாமியாரையே கவனித்தான். "அத்தை இவ்வளவு படிச்சிருக்காங்களா?" என்று மெல்ல ரஞ்சிதாவைக் கேட்டான். ரஞ்சிதா சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"செரி கண்ணு. எங்க கணக்கைக் கொண்டுபோய் எந்த ஊர்ல வெப்பீங்க?"

"மும்பையில ஒரு காப்பி, ஹைதராபாத்துல ஒரு காப்பி இருக்கும்மா."

"ரெண்டு எடத்துலயா? ஒண்ணை எப்படி ரெண்டு எடத்துல குடுக்கறது?"

"பாதுகாப்புக்குத்தாம்மா. ஒரு இடத்துல ஏதாவது ஆனாலும் இன்னொரு இடத்துல..."

"போய்ப் பாக்கலாமா?"

"எதைம்மா?"

"குடுத்ததைத்தான். அது எப்படி இருக்குது, நல்லா வெச்சிருக்கறாங்களான்னு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாமா?"

மோனிஷா சிரித்துவிட்டாள். "அதெல்லாம் முடியாதும்மா. செக்யூரிட்டி ரொம்ப டைட். வெளியாள் யாரையும் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? நம்ம பொருளைக் குடுத்துட்டு நாம வெளியாளாமா!" அமுதவல்லி ரஞ்சிதா பக்கம் திரும்பினாள். "வாரத்துக்கு ஒருக்கா போய்க் கண்ணால பாக்கக்கூட முடியாதுன்னா, அப்படிப்பட்ட எடத்துல எதுக்குக் குடுக்கோணும்? காசு பணம் போனாப் போகுது. ஆசையா வளத்துனது..."

முட்டைக் கணக்கின் மேல் ஒரு மனுசிக்கு இத்தனை பாசமா என்று மோனிஷாவுக்கே கண் கலங்கிவிட்டது.

சிவபிரகாஷ் தொடையில் தட்டினான். "அத்தை சொல்றதுதான் சரி. போய்ப் பாக்க முடியாத இடத்துல நம்ம கணக்கு வேண்டாம். பெட்டியே இருக்கட்டும். என் கண்ணைத் தொறந்துட்டீங்க அத்தை."

அமுதவல்லிக்கு அப்படியே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. "அப்படிச் சொல்லுங்க மாப்ளை," என்றாள்.

"ஆனா இங்க எலித் தொல்லை," என்றான் சிவபிரகாஷ். "உங்க பண்ணையில மருந்து வெக்கிற ஏ.சி. ரூம் இருக்குதில்லே? ஜெனரேட்டரும் இருக்குது. கணக்கு உண்டாகறதும் அங்கதான். நீங்க சொன்ன மாதிரியே உங்க கண்ணு முன்னால இருக்கட்டும். இன்னைக்கே கார்ல ஏத்தி விட்டுடறேன். நீங்களும் இனிமே வாரா வாரம் லாரியில அலைய வேண்டாம் பாருங்க."

"அட, இதத்தான் மாப்ளை நானும் நெனைச்சேன்," என்று எழுந்தே விட்டார் சின்னுசாமி. "ஏ.சி. ரூம்ல ஒரு மேசை சும்மா கிடக்குது. ஒயரைப் புடுங்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க!"

அமுதவல்லி போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

"ஏன் வேண்டாங்கறே? நீதானே கண்ணு முன்னால, கண்ணு முன்னாலன்னு மல்லூர்ல இருந்து..."

"அது வந்துங்க..."

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். பார்த்த வீடியோ எதிலும் இதற்குப் பதில் இல்லை. கிளவுடு என்றாலும் புதன்கிழமை போச்சு. பெட்டி பண்ணைக்கு வந்தாலும் போச்சு. பெட்டி இங்கேயே, இந்த முன்னறையிலேயே, எலியோடு எலியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும், இந்த நிமிசமே வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அது நாங்க பொண்ணுக்கு வெச்ச சீருங்க. குடுத்த சீரைத் திருப்பித் தூக்கிட்டுப் போற பழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாதுங்க."

சின்னுசாமி மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அங்கம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"எது சம்பந்தி சீரு?"

"இந்தப் பொட்டிதானுங்க. இவுங்க வாங்கிக் குடுத்ததுதானுங்களே."

"கம்ப்யூட்டரு?"

"ஆமாங்க."

"அந்த பேட்டரிப் பெட்டி?"

"அதுவுந்தானுங்க," என்றாள் அமுதவல்லி. குழியில் இறங்கியாகிவிட்டது, இனி ஏறுவதற்கு வழி இல்லை.

"கல்யாணத்தப்ப ஒரு ஸ்பூன் கேட்டேனா நானு? பொண்ணைக் குடுங்க போதும்னு கேட்டுத்தானே கட்டிக்கிட்டு வந்தேன்? நீங்களா மஞ்சள் தடவிக் குடுத்த பித்தளைக் குடத்தைக்கூட எதுக்குங்கன்னு சொன்னவ நான். இப்ப வாழப்பாடி பூரா, அங்கம்மா கம்ப்யூட்டரு வாங்கிக்கிட்டு மருமவளை எடுத்தாள்னு பேசட்டுமா?"

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலீங்க சம்பந்தி."

"எந்த அர்த்தத்துல சொன்னீங்க? சீருக்கு எத்தனை அர்த்தம் இருக்குது?"

"அம்மா," என்றான் சிவபிரகாஷ்.

"நீ சும்மா இருடா. ஒயரைக் கழட்டு. ஒரு ஒயரு விடாமக் கழட்டிக் கார்ல ஏத்து."

"கழட்டாதீங்க மாப்ளை!"

"கழட்டுடா!"

சிவபிரகாஷ் கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, தாயையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தான். சின்னுசாமி மெதுவாக, "யூ.பி.எஸ். மட்டும் வேணா இங்கயே இருக்கட்டுமுங்களே," என்று சமாதானம் பேசப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்த முறைப்பில் அவர் சோள மூட்டைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

மோனிஷா பேனாவைத் திறந்தாள். அவளுக்குச் சேலத்துக்குத் திரும்ப பஸ் இருந்தது. "அப்ப நான் என்னன்னு எழுதிக்கட்டும்? சர்வர் இங்கயா, இல்லே அவங்க பண்ணையிலயா?"

"இங்க வேண்டாம்," என்றாள் அங்கம்மாள். "இங்க இருந்தா சீரு. அங்க இருந்தா, சீரைத் திருப்பி அனுப்பிட்டா மகராசின்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். ஏம்மா, யார் வீட்டுலயும் இல்லாம எங்கயோ இருக்கும்னு சொன்னியே, மும்பையோ என்னவோ, அங்க போவட்டும். அதுக்கு யாரும் பேரு வெக்க முடியாது."

மோனிஷா எழுதிக்கொண்டாள். நாட்டில் எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ காரணத்துக்காகக் கிளவுடுக்கு மாறியிருக்கும். சீர் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக மாறியது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சண்டை போட்டாயிற்று என்பதற்காகச் சம்பந்தியைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? இலை போட்டார்கள். அங்கம்மாள்தான் பரிமாறினாள். இத்தனை கோபத்தோடு ஒருத்தி கறி வைத்து அமுதவல்லி பார்த்ததில்லை.

"இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க." கரண்டி இலையில் டணார் என்று இறங்கியது.

"போதுமுங்க."

"எங்க வீட்டுல கறிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. வெச்சுக்குங்க."

"வகுறு நெறைஞ்சு போச்சுங்க சம்பந்தி."

"குடலு?"

"வேண்டாமுங்க."

"வெச்சிருக்கேன், சாப்பிடுங்க."

சின்னுசாமி தலையைத் தூக்காமல், கேட்காமலேயே இலையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தச் சண்டையிலும் குடல் வறுவல் ருசிக்காமல் போனதில்லை.

இலை போடுவதற்குள் தாய், மகள் இருவர் போனிலும் கிளவுடுக் கணக்கைப் போட்டு வைத்திருந்த மோனிஷா, பக்கத்து இலையில் உட்கார்ந்து இடது கையால் போனைத் தட்டிக்கொண்டே சாப்பிட்டாள். சமையலறை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற ரஞ்சிதாவிடம், "அக்கா, உங்க போன்ல ஒரு நம்பர் போடுங்க, டெஸ்ட் பண்ணிடலாம்," என்றாள். ரஞ்சிதா சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஏதோ தட்டினாள். அமுதவல்லியின் இடுப்பில் செருகியிருந்த போன் கிணுங்கென்றது. மோனிஷா எட்டி அதை வாங்கித் திறந்து, இலைக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள்.

மூணாம் செட்டு. தீவனம், பதினெட்டு மூட்டை. உடைந்த முட்டை, நாலு அட்டை. எல்லாம் பளிச்சென்று வரிசையாக நின்றன. ஒரு சைபர்கூடத் தப்பாக ஏறவில்லை.

"பாத்தீங்களாம்மா? ஒரு செகண்டு." மோனிஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இனிமே நீங்க இங்க வரவே வேண்டியதில்லை!"

அங்கம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. விடிய முன்னாடி எழுந்து, முட்டி வலியோடு அடுப்படியில் நின்று வெந்தவள் அவள்தான். இதைக் கேட்டு அவள் முகம்தான் முதலில் மலர்ந்திருக்க வேண்டும். மலரவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிச் சொட்டி வெறுந்தரையில் விழுந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

அமுதவல்லி மகளைப் பார்த்தாள். ரஞ்சிதா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"உனக்குச் சந்தோசமா இருக்கோணுமே," என்றார் சின்னுசாமி, வாயில் கறியோடு. "இனி லாரியில அலையற வேலை மிச்சம்."

அமுதவல்லி சாப்பிட்ட கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி அங்கம்மாளைப் பார்த்தாள். வீடியோ பார்த்து ராப்பகலாகச் சேர்த்த ஆயுதம் ஒன்றும் கையில் மிச்சமில்லை. சர்வர் இல்லை, டேட்டா இல்லை, சீர் என்று சொல்லவும் வாய் இல்லை.

"சம்பந்தி, கணக்கு எழுதற சோலியும் இல்லாம, நோம்பி பண்டிகையும் இல்லாம, யாருக்கும் காய்ச்சலும் இல்லாம, சும்மா எம்பொண்ணைப் பாக்கோணும் போல இருந்துச்சுன்னா, நான் இங்க வரலாமுங்களா?"